வேலூரிலிருந்து கேம் டெஸ்டர் வேலைக்கு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

பெங்களூரில் ஆறு வருடம் கேம் டெஸ்டராக, அதாவது கேமில் உள்ள பிழைகளைத் தேடிப் பிடித்து எழுதிக் கொடுப்பவராக இருந்துவிட்டு, இப்போது காட்பாடி காந்தி நகரில் வீட்டிலிருந்தபடியே அதே வேலையைச் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெரிந்தவர்களின் தம்பி, தங்கை என்று நாலைந்து பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "அண்ணா, இந்த வேலைக்கு எப்படிப் போறது?" முக்கால்வாசிப் பேர் அதற்குள் முப்பது நாற்பது இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பி, பதில் வராமல் வந்தவர்கள். வாங்கிப் பார்த்தால் முதல் வரி எல்லாருக்கும் ஒன்றுதான்: சின்ன வயதிலிருந்தே கேம் என்றால் எனக்கு உயிர். அந்த வரியைப் பார்த்து யாரையும் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ரெஸ்யூமே கடைசியில் வர வேண்டிய விஷயம். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைக் கீழே வரிசையாகத் தருகிறேன். தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் மூன்று, நான்கு மாதத்தில் முடியும்.

## 1. மூன்று நாள் சோதனை

எதுவும் வாங்குவதற்கு முன், எந்த கோர்ஸிலும் சேருவதற்கு முன் இதைச் செய்யுங்கள். போனில் இருக்கும் ஏதாவது ஒரு கேமின் முதல் பத்து நிமிடத்தை மட்டும், மூன்று நாளில் இருபது முறை ஆடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன விஷயத்தை மாற்றுங்கள். ஒருமுறை எல்லாச் சுவரிலும் மோதுங்கள், ஒருமுறை எதையுமே தொடாமல் நில்லுங்கள், ஒருமுறை மெனுவைத் திறந்து மூடிக்கொண்டே இருங்கள்.

காரணம், வேலை அப்படித்தான் இருக்கும். நான் ஒரே கதவை ஒரு வாரம் முழுக்கத் திறந்து மூடியிருக்கிறேன். எட்டு மணி நேரம் கேம் ஆடலாம் என்று நினைத்து வந்தவர்கள் இரண்டாவது மாதமே கிளம்பிவிடுவார்கள். இருபதாவது தடவையிலும் "இங்கே குதித்தால் என்ன ஆகும்?" என்று கை துறுதுறுத்தால் மேலே படியுங்கள். சலித்துப்போனால் மூன்று நாளோடு போயிற்று, நஷ்டமில்லை.

## 2. கையில் இருக்க வேண்டியவை

கேமிங் லேப்டாப் வேண்டாம். அப்பாவைக் கடன் வாங்கச் சொல்லாதீர்கள். 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப், செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் ஆரம்பத்துக்குப் போதும்.

போன் இரண்டு இருந்தால் நல்லது. ஒன்று நீங்கள் வைத்திருப்பது. இன்னொன்று வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பழைய, 3 ஜிபி ரேம் போன். புது போனில் ஒளிந்துகொள்ளும் பிழை பழைய போனில் வெளியே வந்துவிடும் என்பதால் அந்த ஓட்டை போனுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பில் ஏடிபி என்ற இலவசக் கருவியைப் போட்டு, அதிலுள்ள லாக்கேட் (logcat) என்ற கட்டளையை ஓட விட்டால் கேம் நின்றுபோன நொடியில் போனுக்குள் என்ன நடந்தது என்று வரிவரியாக வரும். முதலில் ஒன்றும் புரியாது. பரவாயில்லை, அதைச் சேமித்து ரிப்போர்ட்டோடு இணைக்கத் தெரிந்தாலே பாதி கிணறு தாண்டியாயிற்று.

கணினித் திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ, அதுவும் இலவசம். போனில் பெரும்பாலும் உள்ளேயே ஸ்கிரீன் ரெக்கார்டர் இருக்கும். அப்புறம் ஒரு நோட்டு, பேனா. சிரிக்காதீர்கள், ஆடிக்கொண்டே தட்டச்சு செய்ய முடியாது, கிறுக்கி வைக்கத்தான் முடியும்.

ஆங்கிலம் தேவை. பேச்சு தடுமாறினாலும் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் சின்னச் சின்ன வாக்கியங்களைக் குழப்பமில்லாமல் எழுத வர வேண்டும், ஏனென்றால் உங்கள் ரிப்போர்ட்டைப் படிப்பவர் வேறு நாட்டில் இருப்பார்.

## 3. முதல் கேமைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தினமும் ஆடுகிற ஃப்ரீ ஃபயர் மேக்ஸையோ பிஜிஎம்ஐயையோ எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு காரணத்துக்காக அது வேண்டாம். கோடிக்கணக்கானவர்கள் ஆடித் தேய்த்த கேமில் மேலோட்டமான பிழை எதுவும் மிஞ்சியிருக்காது. அதோடு, பிடித்த கேம் என்றால் பத்தாவது நிமிடத்தில் நீங்கள் சோதிப்பதை மறந்துவிட்டு ஜெயிக்கப் பார்ப்பீர்கள்.

இட்ச் ஐஓ தளத்தில் ஒருவர், இருவராகச் சேர்ந்து செய்த சின்ன கேம்கள் இலவசமாகக் கிடைக்கும். பிளே ஸ்டோரில் ஏர்லி ஆக்சஸ் என்று போட்டு, முழுதாக முடியும் முன்பே வெளியிடும் கேம்களும் இருக்கும். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் குளோபல் கேம் ஜாம் என்ற நிகழ்வில் சில நாளுக்குள் அவசரமாகச் செய்தவை இன்னும் விசேஷம், தொட்ட இடமெல்லாம் பிழை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கேமாகப் பார்த்து ஒன்றை எடுத்து, ஒரு மாதம் அதோடு மட்டும் மல்லுக்கட்டுங்கள்.

## 4. உடைக்கும் வழி

முதல் சுற்றில் எதையும் உடைக்காதீர்கள். கேம் எப்படி நடக்க வேண்டுமென்று அதைச் செய்தவர் நினைத்தாரோ அப்படியே ஆடி முடியுங்கள். எது சரி என்று தெரிந்தால்தான் எது பிழை என்று சொல்ல முடியும்.

இரண்டாவது சுற்றில் நோட்டை எடுத்து, கேமைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மெனு, கடை, முதல் லெவல், சேமிப்பு, ஒலி, விளம்பரம். ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டால் எதையும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதன் பிறகு விளிம்புகளுக்குப் போங்கள். காசு பூஜ்யமாக இருக்கும்போது வாங்கிப் பாருங்கள். பெயர் கேட்கும் இடத்தில் வெறும் இடைவெளி கொடுங்கள், இருநூறு எழுத்து கொடுங்கள், தமிழில் கொடுங்கள். இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அமுக்குங்கள். சேமித்துக்கொண்டிருக்கும்போதே கேமை மூடுங்கள். பிழைகள் பெரும்பாலும் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் இடத்தில் குடியிருக்கும்.

மொபைல் கேமில் குறுக்கீடுகள் தனிப் பாடம். ஆட்டத்தின் நடுவில் போன் வரட்டும், அலாரம் அடிக்கட்டும், ஹெட்செட்டைப் பிடுங்குங்கள், போனைப் பூட்டித் திறவுங்கள், பேட்டரி 15 சதவீதத்துக்குக் கீழே போகட்டும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாற்றுங்கள். நான் காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலில் உட்கார்ந்தே ஒரு கேமின் நெட்வொர்க் சோதனை முழுவதையும் முடித்திருக்கிறேன். குடியாத்தம் தாண்டினால் சிக்னல் போகும், வரும். ஆபீஸில் எவ்வளவு செலவழித்தாலும் அப்படி ஒரு நெட்வொர்க் கிடைக்காது.

## 5. ரிப்போர்ட் எழுதுவது

இதுதான் வேலை. பிழையைக் கண்டுபிடிப்பதில் பாதிச் சம்பளம்கூடக் கிடையாது. உங்களை ஒருமுறையும் பார்த்திராத ஒருவர், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு, அதே பிழையைத் தன் மேஜையில் வரவழைக்க வேண்டும். அதற்குத்தான் காசு.

போன மாதம் ஆற்காட்டிலிருந்து வருகிற ஒரு தம்பி, ஆட்டோ ஓட்டும் ஒரு சின்ன கேமைப் பற்றி இப்படி எழுதிக்கொண்டு வந்தான்: "கடையில் வண்டி வாங்கினால் கேம் ஹேங் ஆகிறது. சீக்கிரம் சரி செய்யவும்."

எந்த வண்டி? கையில் எவ்வளவு காசு இருந்தது? எத்தனை முறை நடந்தது? திரை அப்படியே நின்றதா, கேம் மூடிக்கொண்டதா? ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தோம். நிதானமாகத் தட்டினால் ஒன்றும் ஆகவில்லை. அவன் விரல் வேகம் அதிகம். அவசரத்தில் இரண்டு தட்டு தட்டுகிறான். அங்கேதான் விஷயம். இரண்டு மணி நேரம் கழித்து எழுதியது இது:

தலைப்பு: கடை – "வாங்கு" பொத்தானை வேகமாக இருமுறை தட்டினால் காசு இரண்டு முறை கழிந்து திரை உறைகிறது

பில்டு: 0.8.14

கருவி: 4 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 13

தொடங்கும் நிலை: கையிருப்பு 500 காசு; நீல ஆட்டோ (விலை 300) இன்னும் வாங்கப்படவில்லை

படிகள்: 1. கேமைத் திறக்கவும். 2. கடைக்குள் போகவும். 3. நீல ஆட்டோவைத் தேர்ந்தெடுக்கவும். 4. "வாங்கு" பொத்தானை ஒரு நொடிக்குள் இருமுறை தட்டவும்.

நடந்தது: கையிருப்பு மைனஸ் 100 என்று காட்டுகிறது, திரை உறைகிறது, பின்செல்லும் பொத்தானும் வேலை செய்யவில்லை.

நடக்க வேண்டியது: 300 காசு ஒருமுறை மட்டும் கழிந்து கையிருப்பு 200 ஆக வேண்டும்.

எத்தனை முறை: 10க்கு 8

இணைப்பு: வீடியோ (12 நொடி), லாக் கோப்பு

வேலையில் இதை ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், வடிவம் இதேதான். தலைப்பில் இடம், செயல், விளைவு மூன்றும் இருக்கிறது பாருங்கள். டெவலப்பர் காலையில் எழுபது தலைப்பைப் பார்ப்பார், உள்ளே போய்ப் படிப்பது சிலவற்றைத்தான். பில்டு எண், அதாவது கேமின் எந்தப் பதிப்பு என்பது இல்லாவிட்டால் ஏற்கெனவே சரிசெய்த பிழையை அவர் தேடிக்கொண்டிருப்பார். "10க்கு 8" என்பது சும்மா ஒரு கணக்கு இல்லை. மீதி இரண்டு முறை தட்டு கொஞ்சம் தாமதமாக விழுந்தது என்று வீடியோவில் தெரிந்தது. காரணத்தைத் தேடுபவருக்கு அதுவே பெரிய துப்பு.

"சீக்கிரம் சரி செய்யவும்" என்பதை எடுத்துவிட்டோம். எதை எப்போது சரிசெய்வது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை. சிவியாரிட்டி, பிரையாரிட்டி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள். பிழையால் கேம் எவ்வளவு கெடுகிறது என்பது சிவியாரிட்டி. எவ்வளவு அவசரமாகச் சரிசெய்ய வேண்டும் என்பது பிரையாரிட்டி. முகப்புத் திரையில் கேமின் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தால் கேம் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் இன்றைக்கே மாற்றியாக வேண்டும். யாருமே போகாத ஒரு மூலையில் நாற்பது முறை குதித்தால் கிராஷ் ஆகிறது என்றால் தலைகீழ்.

ஒரு ரிப்போர்ட்டில் ஒரு பிழைதான். இரண்டைச் சேர்த்து எழுதினால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு முழுதையும் மூடிவிடுவார்கள்.

## 6. "எங்களுக்கு வரவில்லை" என்று திரும்பி வந்தால்

வரும். எனக்கு ஒரே ரிப்போர்ட் மூன்று முறை வந்தது. கார் பந்தய கேம் ஒன்று. இருபது நிமிடம் ஆடினால் படம் திக்கித் திக்கி நகர ஆரம்பிக்கும். நொடிக்கு அறுபது ஃபிரேம் ஓட வேண்டியது முப்பதுக்குக் கீழே போய்விடும். எனக்கு தினமும் வந்தது, கேமைச் செய்தவர்களுக்கு ஒருமுறைகூட வரவில்லை. டெஸ்டருக்குக் கண் சரியில்லை என்பது மாதிரி ஒரு பதில்கூட வந்தது.

அது கத்திரி வெயில் காலம். எங்கள் வீட்டு மாடி அறை நேராக மொட்டை மாடிக்குக் கீழே. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஏசி அறையில் இருந்தார்கள். போன் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனக்கு அது உறைக்க ஒரு வாரம் ஆனது. அதே போனை ஏசி போட்ட அறையில் வைத்து ஆடினேன், வரவில்லை. மாடியில் சார்ஜர் செருகியபடி ஆடினேன், பதினான்காவது நிமிடத்திலேயே வந்தது. அறையின் சூடு, பேட்டரியின் சூடு, சார்ஜர் இருந்ததா, எத்தனையாவது நிமிடம் என்று நான்கு வரி சேர்த்து அனுப்பிய அன்றே அவர்களுக்கும் வந்துவிட்டது.

ஆகவே ரிப்போர்ட் திரும்பி வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் இடத்துக்கும் அவர்கள் இடத்துக்கும் உள்ள வித்தியாசங்களை எழுதி, ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

## 7. தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு கூடுதல் வாசல்

கேமை வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது அந்த மொழிக்காரர் ஒருவர் சோதிக்க வேண்டும். எல்கியூஏ என்பார்கள். தமிழில் வாய்ப்பு இன்னும் குறைவுதான், ஆனால் பழக நல்ல இடம்.

முதலில் கொம்பைப் பாருங்கள். கணினியில் "தொ" என்பது முதலில் "த", அதன் பிறகு உயிர்க்குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தை அடுக்கும் மென்பொருளின் வேலை. கேமில் அந்த வசதி இல்லாவிட்டால் "தொடங்கு" பொத்தானில் கொம்பும் காலும் சேர்ந்து "த"வுக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத டெவலப்பருக்கு இது பிழை என்றே தெரியாது. சரியான வடிவத்தைப் படமாகப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அடுத்து நீளம். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் பிதுங்கும், அல்லது பாதியில் வெட்டுப்படும். அப்புறம் "நீ", "நீங்கள்" கலப்பு. முதல் திரையில் மரியாதையாக வரவேற்றுவிட்டு, தோற்றதும் "நீ தோற்றுவிட்டாய்" என்று ஒருமைக்கு இறங்கும் கேம்கள் உண்டு.

## 8. பத்து ரிப்போர்ட் கொண்ட ஒரு கோப்பு

நாற்பது ஐம்பது எழுதிய பிறகு, அதிலிருந்து சிறந்த பத்தை மட்டும் எடுத்து ஒரு கோப்பாக்குங்கள். கிராஷ், சேமிப்பு, திரை, ஒலி, மொழி என்று வகைக்கு ஒன்றிரண்டு இருக்கட்டும். ஒரு துண்டுக்கு எழுதிய டெஸ்ட் கேஸ் பட்டியலும் (எதைச் செய்தால் என்ன நடக்க வேண்டும் என்ற பட்டியல்) வையுங்கள். எல்லாவற்றையும் போடாதீர்கள், பதினொன்றாவதாக இருக்கும் சுமாரான ரிப்போர்ட்தான் அவர்கள் கண்ணில் முதலில் படும்.

பிழைகளைப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றிலாவது கை பழகியிருக்க வேண்டும். பல இடங்களில் ஜிராதான், சின்னக் குழுவுக்கு அதில் இலவசத் திட்டம் உண்டு. மான்டிஸ், பக்ஸில்லா இரண்டும் இலவசம்.

கேமைச் செய்தவருக்கே ரிப்போர்ட்டை அனுப்பிப் பாருங்கள். சின்ன கேம் செய்பவர்கள் பலர் நன்றி சொல்லிப் பதில் போடுவார்கள். அந்தப் பதிலைக் கோப்பில் சேர்க்கலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## 9. சான்றிதழ்

மென்பொருள் சோதிப்பவர்களுக்கான ஐஎஸ்டிகியூபி ஃபவுண்டேஷன் தேர்வு ஒன்று போதும். 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக வந்தால் தேர்ச்சி. தாய்மொழியில் எழுதாதவர்களுக்குக் கூடுதலாக 15 நிமிடம் தருவார்கள், பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். பாடத்திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் தானாகப் படித்துத் தேறலாம். ஐம்பதாயிரம் கட்டி மூன்று மாத கோர்ஸில் சேர வேண்டிய அவசியத்தை நான் பார்க்கவில்லை. கோப்பு தயாராகும் முன் தேர்வுக்கும் போகாதீர்கள். கையால் செய்து பார்த்த பிறகு படித்தால் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.

## 10. விண்ணப்பம்

இப்போதுதான் ரெஸ்யூமே. முதல் வரியில் உயிர், ஆசை எதுவும் வேண்டாம். எத்தனை ரிப்போர்ட் எழுதினீர்கள், எந்தெந்தக் கருவியில் சோதித்தீர்கள், கோப்பின் இணைப்பு எது என்பது வரட்டும். ஒரு பக்கம் போதும்.

வேலை பெரும்பாலும் வெளியூரில்தான். பெங்களூரில் ராக்ஸ்டார், போல் டு வின் (இப்போது சைட் என்று பெயர்). ஹைதராபாத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். புனேயில் யுபிசாஃப்ட், குளோபல்ஸ்டெப். நமக்கு பெங்களூர் வசதி: பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காட்பாடியில் ஏறினால் மதியம் போய்ச் சேரலாம். சென்னையில் சின்ன மொபைல் கேம் நிறுவனங்களையும் தேடுங்கள். கேம் டெஸ்டர் என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். கியூஏ டெஸ்டர், ஃபங்ஷனல் டெஸ்டர், எல்கியூஏ டெஸ்டர் என்றும் தேடுங்கள். எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டும் என்பதில்லை, ஏதாவது ஒரு பட்டம் கேட்பார்கள்.

பழைய வீடியோக்களில் ரம்மி, ஃபேன்டசி கேம் நிறுவனங்களைச் சொல்லியிருப்பார்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இன்டர்வியூவில் கேமே இல்லாத கேள்வி வரும். ஒரு லிஃப்டை எப்படிச் சோதிப்பீர்கள்? உடனே பட்டியல் போட ஆரம்பிக்காதீர்கள். எத்தனை மாடி, எவ்வளவு எடை தாங்கும், மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். கேட்கிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

முதல் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. கேம் வெளியானதும் ஒப்பந்தம் முடிந்துவிடலாம். எத்தனை மாதம், நீட்டிப்பு உண்டா, இரவு ஷிஃப்ட் உண்டா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். வீட்டிலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

## 11. பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்

வீட்டிலிருந்து கேம் சோதித்தால் நாளைக்கு மூவாயிரம் என்று டெலிகிராமில் வரும். முதல் நாள் நூறு ரூபாய் போட்டும் விடுவார்கள். அடுத்து, பெரிய வேலைக்கு டெபாசிட். என்னிடம் வந்த ஒரு பெண் பதினெட்டாயிரம் இழந்த பிறகுதான் சொன்னாள். பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலை இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு.

## 12. சேர்ந்த முதல் சில மாதங்கள்

முதல் நாளே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வெளிவராத கேமின் பெயரைக்கூட வீட்டில் சொல்லக்கூடாது. ஆபீஸ் மேஜையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, பின்னால் திரையில் கேம் தெரிந்ததால் வேலை போன ஒரு பையனை எனக்குத் தெரியும். உங்கள் கோப்பிலும் கம்பெனி ரிப்போர்ட் எதையும் சேர்க்கக்கூடாது.

புதிய பிழையைப் பதிவதற்கு முன் அது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே சொல்லில் தேடினால் கிடைக்காது. ஒருவர் உறைகிறது என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ஹேங் என்று எழுதியிருப்பார். முதல் வாரத்தில் புதிதாக எதுவும் கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. பழைய பதிவுகளில் ஒரு இருநூறையாவது படித்து, அந்தக் குழு என்ன சொற்களைப் பயன்படுத்துகிறது, எதை வேண்டாமென்று மூடியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கன்சோல் கேமில் போட்டால் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றும் தத்தம் விதிப்பட்டியல் வைத்திருக்கும். ஆட்டத்தின் நடுவில் கன்ட்ரோலரின் இணைப்பு போனால் கேம் என்ன செய்ய வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருக்கும். படிக்கச் சலிப்பாக இருக்கும், அதனால்தான் யாரும் முழுதாகப் படிப்பதில்லை. மதிய இடைவேளையில் தினம் இரண்டு பக்கம் படியுங்கள். மூன்றாவது மாதம் யாருக்காவது சந்தேகம் வந்தால் உங்கள் மேஜைக்குத்தான் வருவார்கள்.